பழைய பேர்ள் நிரல்களுக்குத் தேவைப்படும் மொடியூல்களைத் தானாகக் கண்டறியும் வழி என்ன?

கேள்வி: கொழும்பு06

வணக்கம். கொழும்புக் கோட்டையில் உள்ள ஒரு சரக்கு விடுவிப்பு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். வங்கிக்கு அனுப்பும் கொடுப்பனவுக் கோப்பு, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் போகும் அறிக்கை, மாத இறுதிக் கணக்கு ஆகிய எல்லாவற்றையும் பல கைகள் மாறி வந்த, பேர்ள் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட நிரல்களே தயாரிக்கின்றன. அவை ஓடும் சேர்வரில் இருப்பது சென்ட்ஓஎஸ் 7 என்ற இயங்குதளம். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 ஆம் திகதியுடன் முடிந்துவிட்டபடியால் அனைத்தையும் உபுண்டு 24.04 க்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பேர்ளின் பதிப்பும் அத்துடன் 5.16 இலிருந்து 5.38 க்கு மாறும்.

எந்த நிரலுக்கு எந்த மொடியூல்கள் (நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்கோப்புகள்) வேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. சில மொடியூல்கள் சென்ட்ஓஎஸின் பொதி நிறுவியான யம் மூலமும் சில பேர்ளின் பொது மொடியூல் களஞ்சியமான சிபான் மூலமும் நிறுவப்பட்டிருக்கின்றன. வேறு சிலவற்றை யாரோ நிரல் இருக்கும் அடைவுக்குள்ளேயே பிரதி செய்து வைத்திருக்கிறார்கள். புதிய சேர்வருக்கு வெளி இணையத் தொடர்பு கொடுக்கப்படமாட்டாது. மாறும் இரவில் ஒரு மொடியூல் இல்லை என்று தெரியவந்தால் அதை அங்கிருந்தே இறக்கிக்கொள்ள வழியில்லை என்பதால், முழுப் பட்டியலும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

மொடியூலை ஏற்றும் கட்டளையான 'யூஸ்' என்று தொடங்கும் வரிகளை கிரெப் என்ற தேடற் கருவி கொண்டு திரட்டிப் பார்த்தேன். மின்னஞ்சலின் உடலாக நிரலுக்குள் எழுதப்பட்டிருந்த ஆங்கிலக் கடிதத்தில் ஒரு வரி அதே சொல்லில் தொடங்கியதால் அதுவும் பட்டியலில் ஏறிவிட்டது. மறுபக்கத்தில், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைத் தொடும் எந்த நிரலிலும் டிபிடி::மைஎஸ்கியூஎல் என்ற பெயர் ஒரு யூஸ் வரியிலும் இல்லை. ஆனால் அந்த மொடியூல் இல்லாமல் அவற்றில் ஒன்றும் ஓடாது. சோதனை இயந்திரத்தில் பேர்ளை '-சி' என்ற சுவிட்சுடன் இயக்கினால், இல்லாத முதல் மொடியூலின் பெயரைச் சொல்லி நின்றுவிடுகிறது. அதை நிறுவிய பின்னரே அடுத்ததைச் சொல்கிறது. இந்த வேலையைத் தானாகச் செய்யும் கருவி எது, அது தரும் பட்டியலில் எதுவும் விடுபடவில்லை என்று எப்படி உறுதிப்படுத்துவது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில்: தெஹிவளை_நிரலாளர்

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியே கடினமானது, ஆகவே அதற்கான காரணத்திலிருந்து தொடங்குகிறேன். பேர்ளில் யூஸ் என்பது நிரல் தொகுக்கப்படும்போதே நடந்து முடியும் செயல். தொகுக்கும்போதே இயங்கும் ஒரு பிகின் தொகுதிக்குள், மொடியூலை ஏற்றும் ரெக்வயரையும் அதன் பின் அதிலுள்ள பெயர்களை எடுத்துத்தரும் இம்போர்ட்டையும் எழுதியதற்கு அது சமம். ரெக்வயர் என்பதோ நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த வரிக்கு வந்தால் மட்டும் நடப்பது. யூஸுக்குப் பெயரை நேரடியாக எழுதியாக வேண்டும், ரெக்வயருக்கு அந்தப் பெயர் ஒரு மாறிக்குள் இருந்தாலும் போதும். மாறிக்குள் என்ன வரும் என்பதை நிரலை ஓட்டாமல் எந்தக் கருவியாலும் எப்போதும் சொல்லிவிட முடியாது.

இதற்கு அடியில் இன்னோர் ஆழமான தடையும் இருக்கிறது. ஒரு துணைநிரலின் பெயருக்கு அடுத்ததாக ஒரு சாய்கோடு வந்தால், அது வகுத்தல் குறியா அல்லது தேடும் கோலத்தின் தொடக்கமா என்பது, அந்தத் துணைநிரல் உள்ளீடு எதையும் ஏற்குமா இல்லையா என்பதைப் பொறுத்தது. அந்தத் தகவல் வேறொரு மொடியூலுக்குள் இருக்கலாம், அந்த மொடியூலை ஏற்றினால்தான் தெரியவரலாம். வகுத்தல் என்றால் அதே வரியில் பின்னால் வரும் ஹாஷ் குறி (#) ஒரு குறிப்புரையைத் தொடங்கி மிகுதியை மறைத்துவிடும். கோலம் என்றால் அந்த ஹாஷ் குறி கோலத்துக்குள் அடங்கி, மிகுதி வரி உயிருள்ள நிரலாகிவிடும். அந்த மிகுதியில் ஒரு யூஸ் வாக்கியம் இருந்தால் அது சார்பா (நிரலுக்குத் தேவைப்படும் மொடியூலா) இல்லையா என்பதே அதனால் மாறிவிடும். பேர்ளை ஓட்டாமல் முழுமையாகப் பகுத்தறிவது கோட்பாட்டளவிலேயே இயலாது என்பதை ஜெஃப்ரி கெக்லர் 2008 இல் நிறுவிக் காட்டியதும் இந்த இயல்பை வைத்துத்தான்.

நடைமுறையில் எழுதப்படும் நிரல்களில் பெரும்பாலானவை இவ்வளவு சிக்கலானவை அல்ல என்பதால், ஓட்டாமல் வாசித்துப் பட்டியல் தரும் கருவிகள் நன்றாகவே பயன்படுகின்றன. ஆடம் கென்னடி எழுதிய பிபிஐ என்ற மொடியூல், நிரலை ஓர் ஆவணமாக எடுத்துக்கொண்டு அதன் உறுப்புகளைப் பிரித்துக் கொடுக்கும். உங்கள் கடிதத்தில் வந்தது போன்ற உரைப்பகுதி, பொட் எனப்படும் உள் விளக்க ஆவணம், குறிப்புரை ஆகியவற்றை அது நிரலோடு குழப்பிக்கொள்ளாது. அதன் மேல் கட்டப்பட்டது பேர்ள்::ப்ரீரெக்ஸ்கேனர். யூஸ், ரெக்வயர் வரிகளுடன், பேஸ், பேரன்ட் ஆகியவற்றின் வழியாக மேற்கோளுக்குள் எழுதப்படும் தாய் வகுப்புகளையும், வகுப்புகள் எழுத உதவும் மூஸ் மொடியூலைப் பயன்படுத்தும் நிரல்களில் எக்ஸ்டென்ட்ஸ், வித் ஆகியவற்றுக்குப் பின் வரும் பெயர்களையும் அது பிடித்துவிடும். மொடியூல்களைப் பொதியாக்கும் டிஸ்ட்::ஸில்லாவில் ஓட்டோப்ரீரெக்ஸ் என்ற செருகி செய்வதும் இதே ஆய்வைத்தான்.

உங்கள் தேவைக்கு நான் பரிந்துரைப்பது பேர்ள்::ப்ரீரெக்ஸ்கேனர்::நொட்குவைட்லைட். கென்இச்சி இஷிகாக்கி எழுதிய இது பிபிஐயைச் சாராமல் தானே வாசிப்பதால் வேகமானது. அதைவிட முக்கியமாக, கட்டாயம் வேண்டியதையும், பிழை வந்தாலும் நிரலை நிறுத்தாத ஈவல் தொகுதிக்குள்ளோ நிபந்தனைக்குள்ளோ வரும் விருப்பத் தேவைகளையும் ஒரே குவியலில் போடாமல் வேறுவேறாகத் தருகிறது. ஆனாலும் உங்கள் டிபிடி::மைஎஸ்கியூஎல்லை இவற்றில் எதுவும் கண்டுபிடிக்காது. தரவுத்தளங்களுக்கான பொது மொடியூலான டிபிஐ, கனெக்ட் செய்யும்போது கொடுக்கப்படும் தொடர்புச் சரத்தில் 'டிபிஐ' என்பதற்குப் பின் வரும் சொல்லை எடுத்து, அதன் முன் 'டிபிடி' சேர்த்து, அந்தப் பெயரை ஓடும் நேரத்தில்தான் ஏற்றுகிறது. அந்தச் சரம் அமைப்புக் கோப்பில் இருக்கலாம். சூழல் மாறி ஒன்றிலிருந்துகூட வரலாம்.

'-சி' சுவிட்ச் குறித்தும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அது இலக்கணத்தை மட்டும் பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிகின் தொகுதிகளும் எல்லா யூஸ் வாக்கியங்களும் அப்போதே இயங்கிவிடும். யாராவது பிகினுக்குள் தரவுத்தள இணைப்பையோ பூட்டுக் கோப்பையோ வைத்திருந்தால், உற்பத்தி சேர்வரில் அந்தச் சுவிட்சை இயக்குவது பார்வையிடும் வேலையாக இருக்காது. கொடுப்பனவுக் கோப்பு தயாரிக்கும் நிரல்களில் அதை முதலில் திறந்து கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: கொட்டாஞ்சேனை_சிஸ்அட்மின்

முன்னவர் சொன்னவற்றுடன் முழுமையாக ஒத்துப்போகிறேன். அந்தக் கருவிகள் பார்க்க முடியாததை ஓடும் நிரலே உங்களுக்குச் சொல்லும். அதற்கு நிரல்களில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை.

பேர்ள் ஏற்றும் ஒவ்வொரு கோப்பையும் %ஐஎன்சி என்ற ஹாஷில் (சாவியும் மதிப்பும் இணைந்த அட்டவணையில்) பதிந்துகொள்கிறது. சாவி மொடியூலின் பெயரிலிருந்து அமையும் கோப்புப் பாதை, மதிப்பு அது உண்மையில் எடுக்கப்பட்ட முழுப் பாதை. நிரல் முடியும் தறுவாயில் இந்த ஹாஷை ஒரு பதிவுக் கோப்பில் எழுதினால் அந்த ஓட்டத்தில் உண்மையாக ஏறியவை அனைத்தும் கிடைத்துவிடும். நிரல் முடியும்போது இயங்கும் என்ட் தொகுதி ஒன்றை மட்டும் கொண்ட சிறிய மொடியூலை எழுதி, பேர்ள்5ஓப்ட் என்ற சூழல் மாறியில் பெரிய எம் சுவிட்சுடன் அதன் பெயரைக் கொடுத்து, அந்த வரியை, நிரல்களை நேரத்துக்கு இயக்கும் க்ரொனின் அட்டவணையான க்ரொன்டாப்பின் தலையில் வைத்துவிடுங்கள். க்ரொன் இயக்கும் எல்லாப் பேர்ள் நிரல்களும் உங்கள் மொடியூலை முதலில் ஏற்றும். என்ட் தொகுதிகள் வரையறுக்கப்பட்ட வரிசைக்குத் தலைகீழாக ஓடுவதால், முதலில் ஏறிய உங்களுடைய என்ட் கடைசியாக ஓடும். மற்றவர்களின் என்ட் தொகுதிகள் ஏற்றியவைகூட அதற்குள் பதிவாகிவிடும்.

முழுப் பாதை கிடைப்பது உங்களுக்கு இரட்டைப் பயன் தரும். நிரல் அடைவுக்குள் பிரதி செய்து வைத்தவை எவை, யம் கொண்டுவந்தவை எவை, சிபான் கொண்டுவந்தவை எவை என்பதை அந்தப் பாதையே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே மொடியூல் இரண்டு இடங்களில் இருந்தால் எது உண்மையில் பயன்பட்டது என்பதும் அதிலேயே தெரியும். கூடவே ஒவ்வொன்றின் பதிப்பு எண்ணையும் வெர்ஷன் மெதட் வழியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய சேர்வர் அணைக்கப்பட்ட பின் அதைக் கேட்க ஆளிருக்காது.

ஆனால் %ஐஎன்சி வெற்றியடைந்த ஏற்றங்களையே சொல்லும். ஈவலுக்குள் ஒரு மொடியூலைக் கேட்டு, அது கிடைக்காமல் வேறு வழியில் போன நிரலின் முயற்சி அதில் பதிவாகாது. அதைப் பிடிக்க, பேர்ள் மொடியூல்களைத் தேடும் இடங்களைக் கொண்ட @ஐஎன்சி பட்டியலின் முன்னால் ஒரு துணைநிரலை வையுங்கள். பேர்ள் இதுவரை ஏற்றாத எந்தக் கோப்பைத் தேடினாலும் முதலில் அந்தத் துணைநிரலிடம் பெயரைக் கொடுத்துக் கேட்கும்; அது பெயரையும், கோலர் கொண்டு கேட்டவர் யார் என்பதையும் எழுதிவிட்டு வெறுமனே திரும்பினால், தேடல் வழக்கம்போல் தொடரும். இங்கு கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. நிரலில் 'யூஸ் லிப்' இருந்தால் அந்த அடைவுகள் உங்கள் துணைநிரலுக்கும் முன்னால் போய் நிற்கும், அங்கே கிடைப்பவை உங்கள் கண்ணில் படமாட்டா. ஆகையால் துணைநிரலின் பதிவையும் இறுதியில் எழுதும் %ஐஎன்சியையும் ஒன்றாக வைத்தே பார்க்க வேண்டும். ஒரு நிரலை மட்டும் தனியாகப் பார்ப்பதற்கு டெவெல்::ட்ரேஸ்யூஸ் போதும். யார் யாரை ஏற்றினார் என்பதை மரம் போல உள்தள்ளி அழகாகக் காட்டும்.

பதிவு எழுதப்படாமல் போகும் இடங்களும் உண்டு. பிடிக்கப்படாத சிக்னலால் கொல்லப்படும் நிரலிலும், எக்ஸெக் மூலம் இன்னொன்றாக மாறும் நிரலிலும் என்ட் தொகுதிகள் ஓடமாட்டா. பெரிய டி சுவிட்சுடன் கறை சோதனையில் (வெளியிலிருந்து வரும் தரவை நம்பாத பாதுகாப்பு முறையில்) ஓடும் நிரல்கள் பேர்ள்5ஓப்ட் மாறியைப் பொருட்படுத்துவதே இல்லை. இவற்றின் முதல் வரிகளை மட்டும் தனியே தேடி வைத்துக்கொண்டு கையால் கவனியுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி, எவ்வளவு காலம் பார்ப்பது என்பது. நம் நாட்டில் வங்கி வேலைநாளைக் கணக்கிடும் எந்த நிரலிலும் போயா தினத்துக்கென்று (பௌர்ணமி விடுமுறைக்கென்று) ஒரு கிளை இருக்கும். மறுநாள் போயா என்றால் மட்டும் டேட்::கல்க்கை ரெக்வயர் செய்து அடுத்த வேலைநாளைத் தேடும் நிரலை ஒரு கிழமை மட்டும் கவனித்தால், அந்தச் சார்பு இருக்கிறதென்றே தெரியாது. ஒரு முழு மாதத்தைக் கடந்தால் போயாவும் மாத இறுதியும் உள்ளே வந்துவிடும். மார்ச் 31 உடன் முடியும் நிதியாண்டுக்காக ஓடும் நிரல்கள் அப்போதும் வெளியே நிற்கும். அவற்றைச் சோதனைத் தரவுடன் நீங்களே திகதி கொடுத்து ஓட்டியாக வேண்டும்.

கேட்டவர் மறுமொழி: கொழும்பு06

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நொட்குவைட்லைட் தந்த பட்டியலையும் க்ரொன் வழியாகச் சேர்ந்த பதிவையும் ஒப்பிட்டேன். டிபிடி::மைஎஸ்கியூஎல் பதிவில் மட்டுமே இருந்தது. அத்துடன் நான் எதிர்பாராத எல்டபிள்யூபி::புரோட்டோகோல்::எச்டிடிபிஎஸ், டெக்ஸ்ட்::சிஎஸ்வி_எக்ஸ்எஸ் ஆகியவையும் பதிவில் வந்திருக்கின்றன. எங்கள் நிரல்களில் அந்தப் பெயர்களை யாரும் எழுதவில்லை. போயாக் கிளை பற்றிச் சொன்னது எங்கள் கொடுப்பனவு நிரலைப் பார்த்துவிட்டுச் சொன்னது போலவே இருந்தது. அங்கே நிபந்தனைக்குள் இருந்தது டேட்டைம்.

இப்போதுள்ள சிக்கல், பதிவில் வரும் பெயர்கள் மிக அதிகம் என்பதுதான். ஸ்ட்ரிக்ட், கார்ப் முதல், வலைத்தளங்களை அணுக உதவும் எல்டபிள்யூபியின் உள்ளுறுப்புகள் வரை எல்லாம் கலந்து கிடக்கின்றன. இவற்றில் எதைத் தேவைப் பட்டியலில் எழுதுவது, பேர்ளுடனேயே வரும் கோர் மொடியூல்களை விட்டுவிடலாமா? அலுவலகத்தில் ஒருவர் மொடியூல்::ஸ்கேன்டெப்ஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் தரும் என்கிறார், அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: வத்தளை_பேர்ள்

ஸ்கேன்டெப்ஸிலிருந்து தொடங்குகிறேன். பின்னாளில் தாய்வானின் டிஜிட்டல் விவகார அமைச்சராக இருந்த ஆட்ரி டாங் தொடங்கிவைத்த மொடியூல் அது. பேர்ள் நிரலையும் அதற்கு வேண்டிய அனைத்தையும் ஒரே கோப்பாகக் கட்டும் பார் என்ற கருவிக்கு உதவுவதே அதன் நோக்கம். கட்டிய கோப்பில் ஒன்று குறைந்தால் நிரல் நின்றுவிடும், ஒன்று கூடினால் கோப்பின் அளவு சற்றே கூடும். ஆகவே அது தாராளமாக அள்ளும். ஓட்டாமல் வாசிக்கும்போது வரிகளைக் கோலங்களால் தேடுகிறது, இன்ன மொடியூல் இருந்தால் இன்னின்னவும் வேண்டும் என்று கையால் எழுதிய ஓர் அட்டவணையையும் வைத்திருக்கிறது. வேண்டுமானால் தொகுத்தும் ஓட்டியும் பார்க்கும். டிபிஐயைக் கண்டால் உங்கள் இயந்திரத்தில் உள்ள எல்லா டிபிடி மொடியூல்களையும் சேர்த்துக்கொள்வது இந்த இயல்பினால்தான். தேவைப் பட்டியல் எழுதுவதற்கு இது பொருத்தமில்லை. விடுபட்டது ஏதாவது உண்டா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் மூன்றாவது பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.

பயன்படுத்துவதானால் 1.36 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பை எடுங்கள். 2024 நவம்பரில் குவாலிஸ் ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய பாதுகாப்புக் குறைகளில் ஒன்று, சிவிஇ-2024-10224, இந்த மொடியூலில் இருந்தது. உபுண்டு சேர்வரில் இயல்பாகவே நிறுவப்பட்டிருக்கும் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி, ஓடிக்கொண்டிருக்கும் பேர்ள் நிரல்களின் சார்புகளை அறிவதற்காக ரூட் எனப்படும் முழு நிர்வாகி உரிமையுடன் ஸ்கேன்டெப்ஸை அழைத்துவந்தது. தாக்குபவர் கோப்பின் பெயரையே ஒரு கட்டளைபோல் அமைத்து வைத்தால், அதைத் திறக்கப்போன ஸ்கேன்டெப்ஸ் அந்தக் கட்டளையை இயக்கிவிடும் நிலை இருந்தது. பிறருடைய நிரலை வாசிப்பதும் இயக்குவதும் பேர்ளில் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. சார்பு தேடும் எந்தக் கருவியையும் ரூட்டாக இயக்காதீர்கள்.

எதை எழுதுவது என்ற கேள்விக்கு, உங்கள் நிரல் நேரடியாகக் கேட்பதை மட்டும் எழுதுங்கள் என்பதே என் விடை. எல்டபிள்யூபியின் உள்ளுறுப்புகளை எல்டபிள்யூபியே கொண்டுவரும். அவற்றை நீங்கள் எழுதிவைத்தால், நாளை அது ஒன்றைக் கைவிட்டபோதும் நீங்கள் அதைச் சுமந்துகொண்டிருப்பீர்கள். யார் கேட்டது என்பதை @ஐஎன்சி துணைநிரலின் பதிவைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கவும் கூடாது. ஒரு மொடியூல் முதல் தடவை கேட்கப்படும்போது மட்டுமே அந்தத் துணைநிரல் அழைக்கப்படும். எச்டிடிபி::ரிக்குவெஸ்டை உங்கள் நிரல் நேரடியாக யூஸ் செய்திருந்தாலும், எல்டபிள்யூபி அதற்கு முன்பே ஏற்றிவிட்டால், பதிவில் எல்டபிள்யூபியின் பெயரே இருக்கும். நேரடித் தேவைகளுக்கு வாசித்து எடுத்த பட்டியலை நம்புங்கள். பதிவிலிருந்து, அந்தப் பட்டியலில் உள்ள எதுவும் தானாகக் கொண்டுவராதவற்றை மட்டும் எடுத்துச் சேருங்கள்.

உங்களுக்கு வியப்பளித்த இரண்டும் அந்த வகையைச் சேர்ந்தவை. எல்டபிள்யூபி 6.02 இலிருந்து, அதாவது 2011 இலிருந்து, எச்டிடிபிஎஸ் ஆதரவு தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் மட்டுமே அந்த மொடியூல் ஏற்றப்படும், இல்லாவிட்டால் அந்த நெறிமுறைக்கு ஆதரவில்லை என்று 501 பிழை வரும். டெக்ஸ்ட்::சிஎஸ்வியோ, சி மொழியில் எழுதித் தொகுக்கப்பட்ட எக்ஸ்எஸ் வடிவம் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தன்னுடன் வரும் தூய பேர்ள் வடிவத்தால் அதே வேலையைச் செய்யும். பிழை எதுவும் தெரியாது, பெரிய கோப்புகளில் வேகம் மட்டும் விழும். முன்னதைக் கட்டாயமாகவும் பின்னதைப் பரிந்துரையாகவும் எழுதுங்கள்.

கோர் மொடியூல்களைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். மொடியூல்::கோர்லிஸ்ட்டுடன் வரும் கோர்லிஸ்ட் கட்டளையிடம் ஒவ்வொரு பெயரையும் 5.38 க்காகக் கேளுங்கள். உங்கள் 5.16 இல் கோராக இருந்த சிஜிஐயும் மொடியூல்::பில்டும் 2015 இல் வந்த 5.22 இலிருந்து கோரில் இல்லை. அதைவிட, உபுண்டுவின் பேர்ள்-பேஸ் பொதியில் கோர் மொடியூல்களில் ஒரு பகுதி மட்டுமே இருக்கும். தனித்து ஓடும் சூழல்களை உருவாக்கும் மெலிந்த டொக்கர் பிம்பங்களில் கிடைப்பது அதுதான். முழுக் கோரும் வேண்டுமானால் பேர்ள் என்ற பொதியையே நிறுவ வேண்டும்.

நிரல் அடைவுக்குள் பிரதி செய்யப்பட்டவற்றுக்கு வேறோர் ஆபத்து காத்திருக்கிறது. 2017 இல் வந்த 5.26 இலிருந்து, நடப்பு அடைவைக் குறிக்கும் புள்ளி @ஐஎன்சியில் இல்லை. 5.16 இல் சொல்லாமலே கிடைத்த அந்த மொடியூல்களும், டூ அல்லது ரெக்வயர் கொண்டு பெயரை மட்டும் சொல்லி ஏற்றப்பட்ட அமைப்புக் கோப்புகளும் புதிய சேர்வரில் கிடைக்கமாட்டா. சூழல் மாறி கொண்டு அந்தப் புள்ளியைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்றாலும், அது பாதுகாப்புக்காக எடுக்கப்பட்டது. ஃபைன்ட்பின், லிப் ஆகிய இரண்டு மொடியூல்களையும் கொண்டு சரியான அடைவைச் சொல்லிக்கொடுப்பதே முறை.

பதில்: கொட்டாஞ்சேனை_சிஸ்அட்மின்

பட்டியல் முழுமையா என்று நிரூபிக்கும் பகுதியை நான் எழுதுகிறேன், ஏனெனில் அதைக் கருவிகளால் சொல்ல முடியாது. எதுவும் நிறுவப்படாத வெறும் இயந்திரம் ஒன்றே அதைச் சொல்லும். பட்டியலை சிபான்ஃபைல் என்ற தேவைப் பட்டியல் வடிவில் எழுதுங்கள். அதை, மொடியூல்களைத் திரட்டும் கருவியான கார்ட்டனிடம் கொடுத்து பண்டில் கட்டளையை இயக்கினால், ஒவ்வொரு பொதியின் மூலக் கோப்பும் அவற்றின் சார்புகளும் வென்டர் அடைவுக்குள் வந்து சேரும். பின்னர் உபுண்டு 24.04 டொக்கர் பிம்பம் ஒன்றை எடுத்து, கம்பைலரையும் தேவையான நூலகங்களையும் நிறுவிய பின் வலைத் தொடர்பை முழுவதும் அடைத்து, அந்த அடைவிலிருந்து மட்டும் நிறுவிப் பாருங்கள். உங்கள் உண்மையான சேர்வரின் நிலையும் அதுவே என்பதால், இங்கே நிற்பது எதுவோ அது அங்கேயும் நிற்கும். உபுண்டுவின் ஆயத்தப் பொதிகளையே விரும்பினால், டிஎச்-மேக்-பேர்ள் கருவியின் லொகேட் கட்டளை, ஒரு மொடியூல் எந்தப் பொதியில் இருக்கிறது என்று சொல்லும். டெக்ஸ்ட்::சிஎஸ்வி போன்ற பரவலானவை எல்லாம் ஆயத்தமாகவே இருக்கின்றன.

பழைய சேர்வரின் மொடியூல் அடைவை அப்படியே சுருட்டிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். எக்ஸ்எஸ் மொடியூல்கள் 5.16 க்காகத் தொகுக்கப்பட்ட இயந்திரக் குறிமுறை, 5.38 அவற்றை ஏற்க மறுக்கும். அவற்றுக்கு அடியில் உள்ள சி நூலகங்களை எந்தப் பேர்ள் கருவியும் பட்டியலிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். டிபிடி::மைஎஸ்கியூஎல்லுக்கு மைஎஸ்கியூஎல் கிளையன்ட் நூலகமும், நெட்::எஸ்எஸ்எல்லீக்கு ஓப்பன்எஸ்எஸ்எல்லும், எக்ஸ்எம்எல்::லிப்எக்ஸ்எம்எல்லுக்கு லிப்எக்ஸ்எம்எல்2 வும் தலைப்புக் கோப்புகளுடன் இருக்க வேண்டும்.

நிறுவல் முடிந்ததும், கடந்த மாதத்தின் உள்ளீடுகளைக் கொடுத்து எல்லா நிரல்களையும் ஓட்டி, பழைய சேர்வர் தந்த வெளியீட்டுடன் டிஃப் கொண்டு ஒப்பிடுங்கள். அதில் வரிசை மாறியிருந்தால் உடனே மொடியூலைச் சந்தேகிக்க வேண்டாம். 5.18 இலிருந்து ஹாஷின் சாவிகள் வரும் ஒழுங்கு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். வரிசைப்படுத்தும் சோர்ட் இல்லாமல், சாவிகளைத் தரும் கீஸைச் சுற்றி எழுதிய நிரல்களெல்லாம் அங்கே வெளிப்படும். கொடுப்பனவுக் கோப்பில் வரிசைக்கு வங்கி பொருள் கொடுக்கிறதா என்பதை அதற்கு முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிபான்ஃபைலில் பரிந்துரையாக எழுதியவற்றை, மொடியூல்களை நிறுவும் கருவியான சிபான்எம் இயல்பாக நிறுவாது. பரிந்துரைகளையும் சேர் என்று அதற்குரிய சுவிட்சைக் கொடுத்தால்தான் டெக்ஸ்ட்::சிஎஸ்வி_எக்ஸ்எஸ் உள்ளே வரும். க்ரொன்டாப்பின் தலையில் வைத்த பேர்ள்5ஓப்ட் வரியையும் சேர்வர் மாறியவுடன் நீக்கிவிடாமல் புதியதிலும் வைத்திருந்து, மார்ச் 31 க்கான ஓட்டம் முடிந்து அதன் பதிவையும் பார்த்த பிறகு எடுங்கள்.